பாம்பாறு அணைக்கரையில் ஒரு ‘சொந்த ஊர்’: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரூர்ப் பக்கத்தில் பிறந்தவள். 2013-இல், ஊத்தங்கரையை அடுத்த பாம்பாறு அணைக்கரையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்க்கைப்பட்டேன். அன்றிலிருந்து என்னைக் கேள்வி கேட்காதவர்கள் குறைவு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர், பிறந்த வீட்டு விசேஷத்துக்கு வந்த சித்தி, மகளின் பள்ளி ஆசிரியை என எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பாதிப் பதில் சொல்வதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிடும். மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் பக்கத்தில் இப்படி முகாம்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. இவர்கள் எப்போது வந்தார்கள்?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு வரத் தொடங்கினார்கள். 1987 வரை ஓர் அலை. 1990-இல் போர் மறுபடியும் மூண்டபோது இன்னொன்று. 1990-களின் பின்பாதியில் ஒன்று, 2006-க்குப் பிறகு ஒன்று. 2022-இல் அந்த நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடி மணல்திட்டுகளில் சிலர் வந்து இறங்கினார்கள். 1983 முதல் வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர் என்று 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதல்வர் சட்டப்பேரவையில் சொன்னார். அப்போது முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் 34,087 பேர். மற்றவர்களில் பலர் திரும்பிப் போனார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள்.

முதலில் இராமேசுவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் முகாம். அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முகாம்களின் பெயர்களைக் கேட்டாலே அவை எங்கே இருக்கின்றன என்பது புரிந்துவிடும்: பாம்பாறு அணை, வாணியாறு அணை, தும்பலஅள்ளி அணை, நாகாவதி அணை. அணையைப் பார்க்கப் போகிறவர்கள் மீன் வறுவல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் தள்ளி வரிசையாகத் தெரியும் வீடுகளைப் பொதுப்பணித்துறை குடியிருப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர்கள் சிலோன்காரர்கள்தானே? அந்த நாட்டு மக்களை நாம் எத்தனை காலம் வைத்திருப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். பொறுமையாகப் படியுங்கள்.

முகாமில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. மன்னார், திருகோணமலை, முல்லைத்தீவு என்று தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே வாழ்ந்தவர்கள் ஒரு பகுதி. மலையகத் தமிழர்கள் இன்னொரு பகுதி. என் கணவர் வீட்டார் இந்த இரண்டாவது பகுதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கண்டிச் சீமையில் காடழித்து முதலில் காப்பி பயிரிட்டார்கள், அது நோயில் அழிந்த பிறகு தேயிலை. அந்த வேலைக்கு ஆள் போனது நம் ஊர்களிலிருந்து. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் என்று பஞ்சம் தின்ற பகுதிகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைய சேலம் ஜில்லாவுக்குள்தான் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இருந்தன. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி 2004-இல். ஆக, ‘சேலம் ஜில்லாக்காரர்கள்’ என்று அந்தத் தோட்டங்களின் பேரேடுகளில் எழுதப்பட்டவர்களில் நம் அரூர்க்காரரும் ஊத்தங்கரைக்காரரும் உண்டு.

நூறாண்டுக்கு மேல் அந்த மலைகளில் உழைத்தார்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டம், இவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கில் இருந்தது 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மீதியையும் 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். களத்து மேட்டில் நெல்லைக் கூறு போடுவதுபோல் மனிதர்களைக் கூறு போட்டார்கள் என்று என் மாமியார் சொல்வார். அந்தப் பேச்சுவார்த்தை நடந்த அறையில் தோட்டத் தொழிலாளி ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

என் மாமியாரின் அப்பா இந்தியக் குடியுரிமை கேட்டு மனுக் கொடுத்திருந்தார். முடிவு தெரிவதற்குள் 1977 கலவரம் வந்தது. தோட்டத்து வீடுகள் எரிந்தன. குடும்பம் மலையை விட்டு இறங்கி வவுனியாவுக்குப் போனது. அங்கே காடு திருத்திக் கச்சான் போட்டார்கள். நாம் நிலக்கடலை என்று சொல்வதை அவர்கள் கச்சான் என்பார்கள். 1985-இல் அதையும் விட்டுவிட்டு மன்னார்க் கரையிலிருந்து இரவில் படகு ஏறினார்கள். அதற்குள் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பலும் நின்றுபோயிருந்தது.

இப்போது சொல்லுங்கள், அந்த நாட்டு மக்கள் என்றால் எந்த நாடு? அங்கே இவர்களை ‘இந்தியத் தமிழர்’ என்றார்கள், கோபம் வந்தால் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். இங்கே ‘சிலோன்காரர்’ என்கிறார்கள். கடலின் இரண்டு கரையிலும் எதிர்க்கரையைக் காட்டி அங்கே போ என்கிறார்கள்.

முகாம் வாழ்க்கை எப்படி இருக்கும்?

நான் போனபோது எங்கள் பங்குக்கு ஓர் அறை, பத்தடிக்குப் பத்தடி. நடுவில் சேலையைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் மாமனாரும் மாமியாரும், இந்தப் பக்கம் நாங்கள். மழை பெய்தால் எந்த மூலையில் எந்தப் பாத்திரம் வைக்க வேண்டும் என்பது ஒரு மாதத்தில் எனக்குப் பழகிவிட்டது.

மாநில அரசின் 2021 அறிவிப்பில் முகாம்களுக்காக ஒதுக்கிய தொகை 317 கோடியே 40 லட்சம் ரூபாய், அதில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதும் அடக்கம். கட்டி முடித்த இடங்களில் சமையலறை தனியாக, கழிப்பறை தனியாக இருக்கிறது. முப்பது வருடம் பொதுக்கழிப்பறைக்கு டார்ச் விளக்கோடு நடந்த பெண்களுக்கு அது என்ன என்பதை, நடந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று, ஆள் கணக்கெடுப்பு. குறித்த நாளில் குடும்பத்தில் எல்லோரும் நேரில் வந்து நின்று பதிவைக் காட்ட வேண்டும். பெங்களூரில் பெயின்ட் வேலைக்குப் போனவர் முதல் நாள் இரவே பஸ் ஏறி வந்துவிடுவார். இல்லையென்றால் அரசு தரும் அந்த மாதப் பணக்கொடைக்கே சிக்கல். முதல் தடவை நான் அந்த வரிசையில் நின்றபோது, மாமியார் விடியற்காலையிலேயே தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு, “பெரட்டுக்கு நேரமாகிறது, எழுந்திரு” என்று என்னை எழுப்பினார். எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. தேயிலைத் தோட்டத்தில் காலையில் கொம்பு ஊதியதும் தொழிலாளர்கள் களத்தில் கூடி வரிசையில் நின்று பேர் கொடுப்பதற்குப் ‘பெரட்டு’ என்று பெயராம். முகாம் வீட்டையும் அவர் ‘லயம்’ என்றுதான் சொல்வார். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளுக்கு அந்தப் பெயர். தாத்தா காலத்து லயத்திலிருந்து புறப்பட்டவர், கடலைத் தாண்டி வந்தும் லயத்திலேயே இறங்கியிருக்கிறார், பெரட்டிலேயே நிற்கிறார். அவர் இதைப் புகாராகச் சொல்வதில்லை. தெரிந்த பெயரைத் தெரிந்த பொருளுக்கு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று தொண்டை அடைத்தது.

இங்கேயே பிறந்தவர்களுக்கு இந்தியக் குடியுரிமை தானாகக் கிடைத்துவிடாதா?

எப்போது பிறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் சட்டம் இன்னும் இறுகியது: இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் என்றால் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் கணவரின் அண்ணன் 1987 ஏப்ரலில் மண்டபத்தில் பிறந்தார். என் கணவர் 1989-இல் இங்கே பிறந்தார், பிறப்புச் சான்றிதழில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருக்கிறது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே அறையில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் அண்ணன் இந்தியர், தம்பி அயல்நாட்டவர். அண்ணனுக்குமே அது புத்தகத்தில்தான். பல வருடங்கள் யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை, அவரும் மற்றவர்களைப்போலப் பெரட்டில் நின்றுகொண்டிருந்தார். 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தப் பெண் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். செய்தியைப் படித்த பிறகுதான் எங்கள் மூத்தவர் வக்கீலைப் பார்க்கப் போனார். உங்களுக்குத் தெரிந்த முகாமில் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து இந்தத் தேதியைச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

என் கணவர் போன்றவர்களுக்கு வழி இருக்கிறதா? இந்திய வம்சாவளியினர் ஏழு ஆண்டுகள் இங்கே வசித்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். இந்தியரை மணந்தவரும் ஏழு ஆண்டுகளுக்குப் பின் கேட்கலாம். ஆனால் எல்லாக் கதவுக்கும் ஒரே தாழ்ப்பாள்: சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. சட்டம் அதற்குத் தரும் விளக்கம், உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் நுழைந்த அயல்நாட்டவர் என்பது. ஓர் அலுவலகத்தில் எங்கள் மனுவை இந்தக் காரணம் சொல்லித்தான் திருப்பினார்கள். என் கணவர் அங்கே குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார்: “ஐயா, நான் எந்த வழியாக நுழைந்தேன்?” ஊத்தங்கரையில் பிறந்து, அங்கேயே படித்து, பெங்களூரைத் தாண்டிப் போகாதவர் அவர். எதிரே இருந்தவரிடம் பதில் இல்லை. மனுவை மட்டும் எங்கள் பக்கம் நகர்த்தினார்.

நீங்கள் இந்தியக் குடிமகள். அப்படியானால் உங்கள் மகளுக்குச் சிக்கல் இல்லையே?

அவள் 2014-இல் பிறந்தவள். மேலே சொன்ன 2004 விதியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தாய் குடிமகளாக இருந்தாலும், தகப்பனைச் சட்டவிரோதக் குடியேறி என்று வைத்துக்கொண்டால் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. என் அப்பா, தாத்தா, பூட்டன் எல்லோரும் தீர்த்தமலை அடிவாரத்தில் புளிய மரத்துக்குக் கீழே பிறந்து அங்கேயே மண்ணானவர்கள். அவர்களுடைய பேத்தியின் நாடு எது என்பது, அவளுடைய அப்பாவுக்கு எந்தப் பெயர் சூட்டுகிறோம் என்பதில் தொங்குகிறது.

2024 ஏப்ரல் 19 அன்று வாக்களித்துவிட்டு வந்தேன். மகள் என் விரல் மையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவின் இடதுகையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் திருப்பினாள். இல்லை. உள்ளே போய்த் தன் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வந்து, ஆள்காட்டி விரல் நகத்தின் மேல் என்னுடையதைப் போலவே ஒரு கோடு இழுத்தாள். அவர் அன்று இரவு வலதுகையை மட்டும் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஆதார் அட்டை இருக்கிறதே? ரேஷனும் கிடைக்கிறதே?

இருக்கிறது, கிடைக்கிறது. ஆதார் என்பது இங்கே வசிப்பவர் என்பதற்கான அடையாளம் மட்டுமே, குடியுரிமைக்குச் சான்று ஆகாது. எல்லோருக்கும் இது பொருந்தும், உங்களுக்கும் எனக்கும்கூட.

2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களைச் சேர்க்கவில்லையா?

இல்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்தான் அது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஓர் ஆணை வெளியிட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாத காரணத்துக்காகத் தண்டிக்க மாட்டார்கள். ஜெயில் பயம் நீங்கியது பெரிய ஆறுதல்தான். குடியுரிமைக்கு இன்னும் காத்திருக்கிறோம். அகதிகள் தொடர்பான 1951-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால், இவர்களுக்கென்று தனிச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

போர் 2009-லேயே முடிந்துவிட்டது. ஏன் திரும்பிப் போகவில்லை?

போனவர்கள் இருக்கிறார்கள். ஐ.நா. அகதிகள் முகமையின் உதவியோடு விமானத்தில் போனவர்களை நானே வழியனுப்பியிருக்கிறேன். மன்னாரில் காணி இருப்பவர், கிளிநொச்சியில் அண்ணன் தம்பி இருப்பவர் போவதில் நியாயம் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. மலையகத் தமிழருக்கும் இலங்கை 2003-இல் சட்டம் இயற்றி, நாடற்றவர் என்ற பழியை நீக்கியது. 2009-இல் அதைத் திருத்தி, இந்தியாவில் தஞ்சமடைந்திருந்தவர்களையும் சேர்த்தது. இதையெல்லாம் நான் மறைக்க விரும்பவில்லை. போக விரும்புகிறவரைத் தடுக்கவும் கூடாது, இருக்க விரும்புகிறவரைத் தள்ளவும் கூடாது.

எங்கள் வீட்டிலேயே இரண்டு எண்ணங்கள் இருந்தன. மாமனார் கடைசிவரை வவுனியாவில் தான் வெட்டிய கிணற்றைப் பற்றித்தான் பேசுவார். அதில் இருபது முழத்தில் தண்ணீர் வந்ததாம். மாமியாருக்கு அந்தக் கிணற்றின் மேல் ஆசையே இல்லை. 2016-இல் மாமனார் காலமானார், அணைக்கு அந்தப் பக்கம் புதைத்தோம். அதன் பிறகு மாமியாரிடம் யாராவது “எப்போது ஊருக்குப் போகிறீர்கள்?” என்று கேட்டால், “அவரை இங்கே தனியாக விட்டுவிட்டா?” என்று திருப்பிக் கேட்பார்.

என் கணவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அவர் பார்க்காத ஊருக்கு அவர் எப்படித் ‘திரும்பி’ப் போவார்?

வெளிநாட்டுச் சொந்தங்கள் பணம் அனுப்புவார்கள்தானே?

கனடாவிலோ பிரான்சிலோ நெருங்கிய சொந்தம் இருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆண்களில் பெரும்பாலோர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். ஓசூர், பெங்களூர் அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்குகிறவர்களில் எங்கள் முகாம் பிள்ளைகள் உண்டு. படித்துப் பட்டம் வாங்கியவர்களும் உண்டு.

நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லை. அவர்களுக்கு எதற்குச் சலுகை?

கேட்கிறவர் வயிற்றெரிச்சலில் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தருமபுரி மாவட்டத்தில் ஏரி வற்றினால் வீடு பூட்டிக் கிடக்கும். என் அண்ணன்மார் இருவரும் பெங்களூரில் கம்பி கட்டுகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் கன்னடத்தில்தான் சண்டை போட்டுக்கொள்கின்றன. பொங்கலுக்கு வந்தால் இங்கே ‘பெங்களூர்க்காரர்’, அங்கே போனால் ‘தமிழர்’. ஆகவே ஊரைவிட்டுப் போவது என்றால் என்ன என்று நம் பக்கத்தாருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சலுகைக் கணக்கைச் சொல்கிறேன். 2021-இல் உயர்த்திய பிறகு, மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அதற்கு முன்பு 1,000, 750, 400. ரேஷன் அரிசி உண்டு. மறுபக்கம், அரசு வேலைக்கு மனுப் போட முடியாது, ஓட்டு இல்லை. இலங்கைக் குடிமக்கள் இங்கே ஒரு சென்ட் நிலம் வாங்கவும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். என் அண்ணன் ஊர் திரும்பினால் அவனுக்குக் காய்ந்துபோன அரை ஏக்கராவது இருக்கிறது.

அவர்களுடைய பேச்சும் பழக்கமும் வேறுதானே? உங்களுக்கு ஒத்துப்போனதா?

முதல் சண்டையே சாப்பாட்டில்தான். நான் போன புதிதில் ராகிக் களி கிண்டினேன். வியர்க்க வியர்க்கத் துடுப்புப் போட்டு, கட்டி இல்லாமல் உருட்டி வைத்தேன். மாமியார் அதை ஒரு விள்ளல் வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார். களியை மென்றால் நம் ஊரில் சிரிப்பார்கள், விழுங்க வேண்டும். மறுநாள் அவர் தேங்காய்த் துருவலைக் கோதுமை மாவில் பிசைந்து கனமாக ரொட்டி தட்டி, செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பலோடு வைத்தார். பால் ஊற்றாத தேத்தண்ணீர், உள்ளங்கையில் கொஞ்சம் வெல்லம். ஒரு கடி வெல்லம், ஒரு வாய் தேத்தண்ணீர். காலையில் நான்கு மணிக்கு மலை ஏறுகிறவர்களின் சாப்பாடு அது. களியைப் போலவே அதுவும் உழைக்கிறவர் வயிற்றில் நின்று பேசும். இப்போது எங்கள் வீட்டில் மாலையில் ரொட்டி, மதியம் களி. மகளுக்கு இரண்டும் ‘நம்ம சாப்பாடு’.

பேச்சு பெரிய தூரமில்லை. மன்னார்ப் பக்கத்து அக்காமார் பேசுவதைக் ‘கதைக்கிறது’ என்பார்கள், பிறகு என்பதைப் ‘பேந்து’ என்பார்கள். மலையகத்துப் பேச்சு நம் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் வேலைக்கு வெளியே போகும்போது இளைஞர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள், எங்கிருந்து வருகிறாய் என்ற கேள்விக்குப் பயந்து. என் கணவருக்கு மூன்று பேச்சு உண்டு: அம்மாவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, மேஸ்திரியிடம் ஒன்று.

வந்த இரண்டாவது வருடம் பக்கத்து ஊரில் பாரதம் வைத்தார்கள். பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து, பதினெட்டு நாள். அர்ச்சுனன் தபசு அன்று மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். உயரமான தபசு மரத்தில் வேடம் கட்டியவர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறினார். பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தால் மாமியாரின் உதடு அசைகிறது. அடுத்து என்ன வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தோட்டத்தில் அவருடைய தாய்மாமன் அர்ச்சுனன் வேடம் கட்டியவராம். மேலேயிருந்து எலுமிச்சம்பழத்தை வீசியபோது, அறுபது வயதை நெருங்கியவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஒன்றைப் பிடித்து, என் மடியில் போட்டார். நான் அப்போது மாசமாக இருந்தேன்.

இன்னும் கலாச்சாரம் வேறா என்று கேட்டால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

‘அகதி’ என்று சொல்லலாமா?

2021-இல் முதல்வரே சட்டப்பேரவையில் இனி இவை அகதிகள் முகாம்கள் அல்ல, ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்’ என்று அறிவித்தார். பஸ் நடத்துநர் இன்னும் “அகதி முகாம் இறங்கு” என்றுதான் குரல் கொடுக்கிறார். பாம்பாறு அணை என்று சொன்னாலே போதும், இடம் தெரியும்.

நான் ஆசிரியர். முகாம் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

படிவம் நிரப்பும்போது ‘நாடு’ என்ற கட்டத்தை வகுப்பின் முன்னால் உரக்கக் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். “உன் சொந்த ஊரைப் பற்றி எழுது” என்று கட்டுரை கொடுத்தால், முகாமைப் பற்றி எழுதுவதும் சரிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் மகள் அணையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மதகு திறக்கும் நாளில் வரும் சத்தம், தென்பெண்ணையில் போய்ச் சேரும் தண்ணீர், கெளுத்தி மீன். அந்த ஆசிரியை அதை வகுப்பில் படித்துக் காட்டினார். அவரை நான் மறக்க மாட்டேன்.

உங்கள் மாமியாரின் பூர்வீக ஊர் எது என்று கண்டுபிடித்தீர்களா?

இன்னும் இல்லை. அவருடைய அப்பா கொடுத்த மனுவின் நகல் ஒன்று, பிஸ்கட் தகர டப்பாவில் படகு ஏறி வந்தது. மடித்த மடிப்பில் தாள் கிழிந்து, கடல்நீர் பட்டு மை கரைந்திருக்கிறது. தெளிவாகத் தெரிவது: ‘சேலம் ஜில்லா, ஊத்தங்கரை தாலுகா’. அதற்கு அடுத்து ஊர்ப்பெயர். முன்பாதி போய்விட்டது, ‘…பட்டி’ மட்டும் நிற்கிறது. எந்தத் தாலுகாவிலிருந்து அவருடைய தாத்தா கங்காணியின் பின்னால் நடந்து போனாரோ, அதே தாலுகாவில்தான் அவர் இன்று பதிவு அட்டையோடு வரிசையில் நிற்கிறார்.

தாளைவிட உறுதியான தடயம் ஒன்று இருக்கிறது. அவர்கள் குலதெய்வம் வேடியப்பன். தோட்டத்தில் ஒரு பலா மரத்தடியில் கல் நட்டு, ஆடியில் பொங்கல் வைத்துக் கும்பிட்டார்களாம். வேடியப்பன் நம் பக்கத்துச் சாமி. மாடு மீட்கப் போய் மாண்ட வீரர்களின் நடுகற்களைத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கங்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம்.

வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ‘பட்டி’ என்று முடியும் ஊர்களாகப் பார்த்துப் போகிறோம். இதுவரை பதினொரு ஊர்கள். போன மாசி மாதம் ஒரு வேடியப்பன் கோயிலில் பூசாரி எந்த ஊர் என்று கேட்டார். மாமியார் என்னைப் பார்த்தார், பிறகு, “இந்தத் தாலுகாதான் ஐயா, ஊர்தான் தெரியவில்லை” என்றார். பூசாரி விபூதித் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். கண்டிக்குப் போனவர்கள் குடும்பம் ஒன்று மத்தூருக்குக் கிழக்கே இருந்ததாகத் தன் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறாராம். வரும் ஞாயிறு அந்தப் பக்கம் போகிறோம். ஊத்தங்கரை பழைய தாலுகாவில், பட்டி என்று முடியும் ஊரில், வேடியப்பனைக் கும்பிடும் பங்காளிகள் யாருக்காவது, கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தாவின் பேச்சு வீட்டில் இருந்தால், எனக்குச் சொல்லுங்கள்.